பராக்கு ரொட்டி

ஹப்புத்தளையில் பனி இறங்கினால்
எதிரே நிற்பது கடன் கேட்பவரா, கஸ்டமரா,
ஒன்றும் தெரியாது.
அப்படி ஓர் ஐப்பசிக் காலையில்
சூட்கேஸோடு வந்து நின்றாள் டெர்வ்லா.
அயர்லாந்து. ஐந்தாம் நம்பர் அறை.
மழையைப் பார்த்து, "எங்கள் ஊர் மாதிரியே" என்றாள்.
இதற்கா காசு கொடுத்து இவ்வளவு தூரம் என்று
வாட்சர் அந்தோணிமுத்து மூன்று நாள் யோசித்தார்.

அந்த வருஷம் எங்கள் தீபாவளியும்
அவர்கள் ஊர்ப் பேய்த் திருநாளும் ஒரே தேதி.
"இன்றைக்கு நான் சமைக்கிறேன்" என்று
குசினிக்குள் வந்துவிட்டாள்.
கோக்கி நான். குசினி என்னுடையது.
மேனேஜர் விஜேதுங்க கண்ணாலேயே சொன்னார்:
யூரோ. தள்ளி நில்.

வெலிமடைக் கிழங்கு இரண்டு கிலோ
அவித்தாள். மசித்தாள்.
கோவாவையும் அவித்தாள்.
அதை இதில் கொட்டிக் கிளறி
நடுவில் குழி தோண்டி வெண்ணெய் விட்டாள்.
மிளகாய்த்தூள் டின்னை ஏந்தியபடி நான் காத்திருந்தேன்,
தீபத்தட்டோடு பூசாரி நிற்கிற மாதிரி.
அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
"முடிந்தது" என்றாள்.
எனக்குப் பொறுக்கவில்லை.
"மிஸ், ஒப்பரேஷன் யாருக்கு?"

ருசிதான், சொல்லாமல் இருக்கக்கூடாது.
வெண்ணெயிடம் எந்த ஊரிலும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

பிறகு வந்தது பராக்கு.
அவள் வேறென்னவோ சொன்னாள்,
என் காதில் அப்படித்தான் விழுந்தது.
முந்திரிவற்றலை முதல் நாளே
சாயத்தண்ணியில் ஊறப் போட்டிருந்தாள்.
பதினெட்டுக் கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று
அட்டைக்கடியோடு அக்கா பறிக்கிற கொழுந்து,
கப்பலேறிப் போய் அங்கே
முந்திரிவற்றலைக் குளிப்பாட்டுகிறதாம்.

ஊறியதைப் பிசைந்த மாவுக்குள் ஒவ்வொன்றாகப் புதைத்தாள்:
மோதிரம், ஐந்து ரூபாய்க் குற்றி, கடலை,
துணித்துண்டு, தீக்குச்சி.
அந்தக் குளிரிலும் மேனேஜருக்கு வியர்த்தது.
எங்கள் ஊரில் ரொட்டிக்குள் தீக்குச்சி கிடந்தால்
பீ.எச்.ஐ. வருவார், கேஸ் எழுதுவார், பூட்டுப் போடுவார்.
அவர்கள் ஊரில் கைதட்டுவார்களாம்.

துணி வந்தால் வறுமை.
வந்தது மேனேஜருக்கு. வாயிலிருந்து இழுத்தார்,
சர்க்கஸ்காரர் ரிப்பன் இழுப்பது போல.
(லயத்துப் பக்கம் அது வர
ரொட்டி வெட்ட வேண்டியதில்லை.)
குற்றி வந்தால் செல்வம். அந்தோணிமுத்துவுக்கு.
கடைக்குப் போனார்,
டொபி கூட வாங்க முடியாமல் திரும்பி வந்தார்.
தீக்குச்சி அவளுக்கே.
அது சண்டைக் கல்யாணமாம்.
"பழைய செய்தி" என்று சொல்லிவிட்டுத்
தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கடலை எனக்கு.
இந்த வருஷமும் பெண் அமையாது.
வயது முப்பத்தெட்டு.
இதே சேதிக்குப் பண்டாரவளைச் சாத்திரி
இரண்டாயிரம் வாங்கியிருந்தார்.

மோதிரம் மட்டும் யாருக்கும் வரவில்லை.
நாக்கால் அவரவர் பல்லைத் துழாவினோம்.
அந்தோணிமுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.
மேசைக்கடியில் "கடக்".
பங்களா நாய் ரோசி
தன் துண்டுக்குள் இருந்ததைத் துப்பிவிட்டு
வாலாட்டியது.

பதிலுக்கு நான் முறுக்குத் தட்டை நீட்டினேன்.
ஒவ்வொன்றாக உடைத்து உள்ளே தேடினாள்.
"இதில் என்ன ஒளித்திருக்கிறாய்?"
"உறைப்பு, மிஸ்."
சொல்லி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

கார்த்திகை முடிவதற்குள்
விறகுக் கொட்டகையில் ரோசி ஆறு குட்டி போட்டது.
படம் எடுத்து அனுப்பினேன்.
மோதிரம் பொய் சொல்லாது என்று பதில் வந்தது.
கல்யாணம்தான் முன்கூட்டியே
யாருக்கும் சொல்லாமல் முடிந்திருக்கிறது.

வருகிற ஐப்பசிக்கு மாவு பிசையப்போவது நான்.
மோதிரம் எந்த மூலையில் என்று
எனக்கு மட்டும் தெரியும்.
ரோசியைக் கட்டிப்போட வேண்டும்.